மாடி மாஸ்ட்டும் புயல் காற்றும்: ஸ்டே கம்பிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வட சென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, மொட்டை மாடியில் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தும் கம்பம்தான் மாஸ்ட்: ஆறு முதல் பன்னிரண்டு மீட்டர் உயரம், ஜி.ஐ. பைப் அல்லது ஒல்லியான முக்கோண லாட்டிஸ் (பின்னல் சட்டம்), மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி. இதே அமைப்பில் இணைய இணைப்புக்காக டிஷ் தூக்கி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். ஸ்டே இல்லாமல் தானாக நிற்கும் செல்போன் கோபுரம் வேறு கதை, அதை இங்கே தொடவில்லை.

ஒல்லியான பைப்பைப் பார்த்ததும் "இது எப்படிப் புயலைத் தாங்கும்?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ரேடியோ நிலையத்தில் 400 மீட்டருக்கு மேல் உயரமான மாஸ்ட்டுகளே ஸ்டே கம்பியை நம்பித்தான் நிற்கின்றன. ஒழுங்காகக் கட்டிய மாஸ்ட் காற்றுக்குச் சுலபத்தில் விழாது. விழுந்ததை அவிழ்த்துப் பார்த்தால் பைப் முதலில் போயிருப்பது அபூர்வம். கம்பியின் ஏதோ ஒரு முனை முதலில் விட்டுக்கொடுத்திருக்கும்: மேலே வளையம், கீழே கிளாம்ப், டர்ன்பக்கிள் (திருகினால் கம்பியை இறுக்கும் இணைப்பு), சுவரில் அடித்த ஐ-போல்ட் (தலையில் வளையமுள்ள போல்ட்). பைப் மடங்கியது அதற்கு அப்புறம். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் தேடல் கடைசியில் ஒரு முனையில்தான் போய் நிற்கும்.

அறிகுறிக்குப் போகும் முன் சுமை எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் தரும் அழுத்தத்தை நியூட்டனில் கணக்கிட, வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் போதும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் அது சுமார் 7.5 கிலோ எடைக்குச் சமம். 120 கிலோமீட்டரில் 68 கிலோ. வேகம் மூன்று மடங்கு, சுமை ஒன்பது மடங்கு. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 பகுதி 3 சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இது 10 மீட்டர் உயரத்தில் 3 விநாடி வீசும் வீச்சின் வேகம். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டிவிடும். "என் ஆன்டெனா சின்னது" என்று சொல்பவர்கள் பைப்பை மறந்துவிடுகிறார்கள். 50 மில்லிமீட்டர் பைப் 9 மீட்டர் நின்றால் அதன் பரப்பே 0.45 சதுர மீட்டர். குறுக்குக் கம்பிகளை வரிசையாக வைத்த பல யாகி ஆன்டெனாக்களின் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இன்னொன்று, காற்றின் திசை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குறிப்பாக ஆடியில், நமக்குக் காற்று மேற்கிலிருந்து. அதில் மாஸ்ட் அசையாமல் நின்றால் தெம்பு வந்துவிடும். ஆனால் அந்தக் காற்று சோதித்தது மேற்குப் பக்கக் கம்பியை மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும்போது காற்று பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கிலிருந்து தொடங்கும். 2016 டிசம்பர் 12 வர்தா நம் தலைக்கு மேலேயே கரையைக் கடந்தது. முதலில் வடக்குக் காற்று, நடுவில் அமைதி, அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து. 2022 டிசம்பரில் மாண்டஸ் நமக்குத் தெற்கே மாமல்லபுரம் அருகே கரையேறியது. அப்படிப் புயல் தெற்கே கடந்தால் காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்கு, தென்கிழக்கு என்று சுற்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் போல் வடக்கே ஆந்திராவுக்குப் போனால் வடமேற்கு, மேற்கு என்று திரும்பும். ஆக, மூன்று பக்கக் கம்பியும் ஏதாவது ஒரு புயலில் முழுச் சுமையையும் தனியாகத் தாங்கியாக வேண்டும். "அந்தப் பக்கம் காற்றே வராது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

வேலைக்கு வேண்டியவை: தூக்குக் குண்டு, டேப், இரண்டு ஸ்பேனர், கம்பி பிரஷ், சின்னச் சுத்தியல், போன். பார்ப்பதெல்லாம் காற்றில்லாத காலை நேரத்தில். மாஸ்ட் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஈ.பி. லைனில் விழும் தூரத்தில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நம் பக்கத் தெருக்களில் கம்பத்து லைன் இன்னும் நிறைய. விழும் தூரத்தில் இருந்தால் ஸ்டேயைச் சரிசெய்வது அடுத்த வேலை. முதல் வேலை மாஸ்ட்டை இடம் மாற்றுவது.

கம்பி முனகுகிறது

காலடிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போனில் சொன்னது: "அண்ணே, ராவெல்லாம் தூக்கம் இல்ல. மாடியில யாரோ வீணை வாசிக்கிற மாதிரியே கீது."

முனகல் பலத்த காற்றில் வராது. சீரான, மிதமான காற்றில்தான் வரும். கம்பியைக் கடக்கும் காற்று அதன் பின்னால் மாறி மாறிச் சுழல் விடும். அந்தச் சுழல்களின் எண்ணிக்கை, காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால் கிடைக்கும். 4 மில்லிமீட்டர் கம்பியில் மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று, அதாவது விநாடிக்கு 5 மீட்டர், விநாடிக்கு 250 அதிர்வு தரும். காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி.

சத்தத்தால் மாஸ்ட் விழாது. ஆனால் அந்த அதிர்வு பூட்டாத டர்ன்பக்கிளைத் திருகித் தளர்த்தும், கம்பி திம்பிளை (வளையத்தில் கம்பி நசுங்காமல் காக்கும் உலோகப் பள்ளத்தை) தொடும் இடத்தில் ஒவ்வொரு இழையாகச் சோர்வடையச் செய்யும். பெரிய அளவில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. இங்கிலாந்தில் எம்லி மூர் என்ற இடத்தில் 385 மீட்டர் உயரக் குழாய் மாஸ்ட் 1969 மார்ச் 19 அன்று விழுந்தது. கம்பிகளில் படிந்த பனிக்கட்டியின் பாரமும், குறைந்த வேகக் காற்று கிளப்பிய ஆட்டமும் சேர்ந்துதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அன்று அங்கே சூறாவளி ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியது: முதலில் டர்ன்பக்கிள் பூட்டியிருக்கிறதா பாருங்கள். உடலுக்குள் ஒரு கம்பியை விட்டு, இரண்டு முனைக் கண்ணிலும் எட்டுப் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். லாக் நட் மட்டும் போதாது. அடுத்து, கம்பி அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று சோதியுங்கள் (முறை அடுத்த பகுதியில்). இழுவை சரியாக இருந்தும் முனகினால், கம்பியின் கீழ்முனையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கனமான ரப்பர் குழாய்த் துண்டைப் பிளந்து இறுக்கிக் கட்டுங்கள். அதிர்வு அடங்கும், வீட்டில் திட்டும் அடங்கும்.

ஒரு பக்கம் தொய்வு, அல்லது எல்லாப் பக்கமும்

எல்லாக் கம்பியும் சமமாகத் தொய்ந்திருந்தால் அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். புதுக் கம்பி முதல் சில வாரங்களில் இழைகள் படிந்து கொஞ்சம் நீளும். ஒரு சுற்று இறுக்கினால் முடிந்தது.

ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் விஷயம் வேறு. நேற்று வரை சரியாக இருந்த கம்பி இன்று ஏன் நீளமாயிற்று? கம்பி நீளவில்லை. எங்கேயோ ஒரு முனை நகர்ந்திருக்கிறது. டர்ன்பக்கிளைத் திருகித் தொய்வை எடுத்துவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் மோசமான வைத்தியம். காரணம் தெரியாமல் திருகாதீர்கள்.

முதல் சந்தேகம் கிளாம்ப் மேல். கம்பியைத் திம்பிளில் சுற்றித் திருப்பி, யூ-கிளாம்ப் போட்டிருப்பீர்கள். கிளாம்ப்பில் இரண்டு பாகம்: வளைந்த யூ கம்பி ஒன்று, பள்ளம் வைத்த அடிக்கட்டை ஒன்று. சுமை தாங்கும் நீளக் கம்பி மேல் அடிக்கட்டை உட்கார வேண்டும். யூ பகுதி, வெட்டிவிட்ட குட்டை வால் பக்கம் கடிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி சுமை தாங்கும் இழைகளையே நசுக்கும். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பதை நிறைய மாடிகளில் பார்க்கலாம். பார்வைக்குச் சமச்சீராக இருக்கும், வேலைக்கு ஆகாது. மூன்றும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கம்பிக்கு மூன்று கிளாம்ப், ஒவ்வொன்றுக்கும் இடையே கம்பி விட்டத்தைப் போல் ஆறு மடங்கு, அதாவது 36 மில்லிமீட்டர். முதல் கிளாம்ப் திம்பிளை ஒட்டி இல்லாமல் வால் நுனியிலிருந்து தொடங்கி, அடுத்துத் திம்பிள் பக்கம் வந்து, கடைசியாக நடுவே உள்ளதை முடியுங்கள் என்று ஒரு முறை உண்டு. வரிசை எப்படியானாலும், சுமை ஏறிய பிறகு மறுபடி ஒரு முறை எல்லா நட்டையும் இறுக்குவதுதான் முக்கியம். இழுவையில் கம்பி மெலிகிறது, நட் தானாகத் தளர்ந்துவிடுகிறது.

வழுக்கியதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி: கடைசிக் கிளாம்ப்பை ஒட்டி வாலில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த மாதம் கோடு கிளாம்ப்புக்குள் போயிருந்தால் வழுக்குகிறது. கிளாம்ப் வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள். வார்ப்பில் செய்த மலிவுக் கிளாம்ப் இறுக்கும்போதே விரிசல் விடும். காசிமேட்டில் விசைப்படகுச் சாமான் விற்கும் கடையில், படகுக்குப் போடுவதைக் கேட்டு வாங்குங்கள். கடலுக்குப் போகிறவர் நம்பி வாங்கும் சாமான் நம் மாடிக்குத் தாராளம்.

முனைகள் எல்லாம் சரி என்றால் இழுவையை அளந்து பார்க்கலாம். காற்றில்லாதபோது கம்பியில் இருக்க வேண்டிய இழுவை, அது அறுபடும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு. 8 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 4 மில்லிமீட்டர் ஒயர் ரோப்பில் இது 85 கிலோ அளவுக்கு வரும், 6 மில்லிமீட்டரில் 190 அளவுக்கு. அளக்கக் கருவி வேண்டாம். கம்பியின் கீழ்முனை அருகே கையால் ஒரு தட்டு தட்டினால் அதிர்வு மேலே போய் மோதித் திரும்பும். விரலில் துடிப்பாகத் தெரியும். பத்துத் துடிப்புக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். சாதாரண ஒயர் ரோப் சரியான இழுவையில் இருந்தால், கம்பியின் நீளத்தை மீட்டரில் எடுத்து ஆறால் வகுத்த விநாடி வரும். 12 மீட்டர் கம்பிக்கு 2 விநாடி. வேகமாக எண்ணுவது கஷ்டம், போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்து எண்ணினால் சுலபம். நேரம் இரண்டு மடங்கானால் இழுவை கால்பங்கு ஆகிவிட்டது என்று அர்த்தம். 2 விநாடிக்குப் பதில் 3 வந்தால் பாதிக்கும் கீழே. நடுவில் முட்டை இன்சுலேட்டர் (கம்பியில் மின்சாரம் கடக்காமல் தடுக்கும் பீங்கான்) போட்டிருந்தால் துடிப்பு அங்கேயே கொஞ்சம் திரும்பிக் குழப்பும். அப்போது மூன்று கம்பியையும் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் இந்த முறை உதவும்.

நைலான் கயிற்றில் ஸ்டே கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயிலில் விறைப்பாக இருக்கும், மழை பெய்தால் தொய்யும். நைலான் தண்ணீரை உறிஞ்சினால் நீளும், பலமும் குறையும். புயல் வரும் நாளில்தான் மழையும் வரும் என்பதை யோசித்துப் பாருங்கள். கயிறுதான் வேண்டுமென்றால் வெயில் தாங்கும் பாலியஸ்டர் வாங்குங்கள். வலைக்குப் போடும் நீல, பச்சைக் கயிறு வேண்டாம்.

ஐ-போல்ட்டைச் சுற்றி விரிசல்

இதுதான் வட சென்னை மாடிகளில் பெரிய வியாதி. காரணம் நம் மனையின் அகலம்.

ஸ்டேயின் கீழ்முனை மாஸ்ட்டிலிருந்து, மாஸ்ட் உயரத்தில் 60 முதல் 80 சதவீதம் தள்ளி இருக்க வேண்டும். 9 மீட்டர் மாஸ்ட்டுக்கு 5.5 முதல் 7 மீட்டர். தண்டையார்பேட்டையில், கொருக்குப்பேட்டையில் வரிசை வீட்டு மாடி அகலமே இருபது அடி. நடுவில் மாஸ்ட் வைத்தால் பக்கச் சுவர் 3 மீட்டரில் வந்துவிடும். உச்சியில் காற்று 100 கிலோ விசையில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்முனை 6.3 மீட்டரில் இருந்தால் கம்பியில் 174 கிலோ ஏறும். 3 மீட்டரில் இருந்தால் 316 கிலோ. அதில் 300 கிலோ ஐ-போல்ட்டை நேராக மேல்நோக்கிப் பிடுங்கும், அதே 300 கிலோ மாஸ்ட்டின் அடியைக் கீழே அழுத்தும்.

கைப்பிடிச் சுவரோ நாலரை அங்குலச் செங்கல். அதில் துளை போட்டு எக்ஸ்பான்ஷன் போல்ட் அடித்தால் ஒரே ஒரு செங்கல்தான் மாஸ்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆடிக் காற்றில் அது மெல்ல ஆட ஆட, பூச்சில் முதலில் மயிரிழை விரிசல் வரும், போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம் போல் கிளை விடும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்ற சத்தம் வந்தால் பூச்சு விட்டுவிட்டது. சுவரின் அடியில், தளத்தோடு சேரும் இடத்தில் நீளவாக்கில் கோடு தெரிந்தால் இன்னும் மோசம். போல்ட் மட்டுமல்ல, சுவரே சாய்கிறது. கீழே தெருவில் ஆள் நடக்கிறார்கள்.

சிமெண்ட் பூசி மூடாதீர்கள். ஆங்கரை (ஸ்டேயின் கீழ்முனைப் பிடிப்பை) வேறு இடத்துக்கு மாற்றுவது ஒன்றுதான் வழி. கான்கிரீட் தூணின் மேல்முனை மாடிக்கு மேல் நீட்டியிருந்தால் அதைச் சுற்றி பட்டைக் கிளாம்ப் போடலாம். தூண்களையோ பீம்களையோ இணைத்து ஒரு சி-சேனல் இரும்பைப் படுக்க வைத்து, அதில் ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் யூ வடிவ வளையம்) மாட்டலாம். பீமில் துளை போடுவதென்றால் உள்ளே உள்ள கம்பியில் படாமல், ரசாயனப் பசை ஊற்றும் ஆங்கர் போல்ட், கட்டடம் தெரிந்த ஆளை வைத்து. தண்ணீர்த் தொட்டியின் கால், ஏசி ஸ்டாண்ட், படிக்கட்டு அறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சட்டம் இவற்றில் கட்டவே கூடாது.

இடமே இல்லையென்றால் மாஸ்ட்டைக் குறையுங்கள். 9 மீட்டரை 6 ஆக்கினால் அதே சுவர் தூரத்தில் கம்பியின் கோணம் முன்பைவிட நன்றாகும். கொஞ்சம் சிக்னல் போகும்தான், போகட்டும்.

தரையில் போட்ட ஆங்கர், மழைக்கு அப்புறம் தளர்வு

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் கொல்லையில் கான்கிரீட் கட்டியைப் புதைத்து ஸ்டே கட்டியவர்கள் உண்டு. மிக்ஜாமில் இங்கே காற்றைவிடத் தண்ணீர்தான் பெரிய தொல்லை. கான்கிரீட் தண்ணீருக்குள் மூழ்கினால் அதன் எடையில் பத்தில் நான்கு பங்கு மிதப்பில் போய்விடும். அரை மீட்டர்க் கன சதுரக் கட்டி தரையில் 300 கிலோ, வெள்ளத்தில் 175 தான். மேலே உள்ள மணலும் ஊறி இளகிவிடும். அதனால் காய்ந்த மண்ணில் போட்ட கணக்கு மார்கழி வரை செல்லாது. கட்டியை இரண்டு மடங்கு பெரிதாகப் போடுவது, ஆழமாகப் புதைப்பது, மேலே கல் அடுக்குவது மூன்றும் செய்யலாம்.

கம்பி மண்ணுக்குள் நுழையும் இடத்தை ஒரு அடி தோண்டிப் பாருங்கள். மேலே பளபளப்பாகத் தெரியும் ஆங்கர் ராடு, உப்பு நிலத்தடி நீரில் உள்ளே பென்சில் பருமனுக்கு இளைத்திருக்கும். தோண்டாமல் தெரியாது.

நடுவில் வளைவு, அடியில் தளம் அமுங்கல்

தூக்குக் குண்டை மாஸ்ட்டின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். உயரத்தில் 400 இல் ஒரு பங்குக்கு மேல் சாய்வு கூடாது. 9 மீட்டருக்கு 22 மில்லிமீட்டர். நேராகச் சாய்ந்திருந்தால் கம்பிகளைச் சமன் செய்தால் போதும், எதிர்ப்பக்கத்தைத் தளர்த்திய பிறகு இந்தப் பக்கம் இறுக்க வேண்டும். வில் போல் வளைந்திருந்தால் பைப் நடுவே பிடிப்பில்லை என்று அர்த்தம். ஒன்றரை, இரண்டு அங்குல பைப்புக்கு 3 மீட்டருக்கு ஒரு அடுக்கு ஸ்டே வேண்டும். மேல் அடுக்கை மட்டும் இறுக்கி நடு அடுக்கை விட்டால் பைப் கீழ்நோக்கிய அழுத்தத்தில் வயிறு தள்ளும்.

கம்பிகளின் இழுவை அத்தனையும் கடைசியில் மாஸ்ட்டின் அடியில்தான் இறங்குகிறது. ராயபுரம், ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு விட்டம், அதன் மேல் நிறுத்தி வைத்த செங்கல், சுண்ணாம்புத் தளம். அதன் நடுவில் மாஸ்ட் அடியை வைத்தால் கீழே அறையில் உத்தரத்தருகே சுண்ணாம்பு உதிரத் தொடங்கும். அது மாஸ்ட் தரும் அறிகுறிதான், மழைக்கசிவு என்று விட்டுவிடாதீர்கள். அடியை ஒரு கனமான சுவருக்கு நேர் மேலே மாற்றுங்கள்.

உச்சி முறுக்குகிறது

பீம் ஆன்டெனா (யாகி போல் ஒரு திசை நோக்கியது) காற்றில் இடம் வலம் திரும்பினால் ரோட்டர் (அதைத் திருப்பும் மோட்டார்) மேல் பழி போடும் முன் ஸ்டே வளையத்தைப் பாருங்கள். வளையம் பைப்பில் வழுக்கும் வகையாக இருந்தால் மூன்று கம்பி முறுக்கைத் தடுக்காது. போல்ட் போட்ட கிளாம்ப்பாக மாற்றுங்கள். லாட்டிஸ் மாஸ்ட்டில் கைகள் நீட்டி ஆறு கம்பி கட்டும் வழியும் உண்டு.

துரு

எல்லாத் துருவும் ஒன்றல்ல. கம்பி முழுக்க வெள்ளைப் பொடி படிந்திருந்தால் துத்தநாகம் தன் வேலையைச் செய்கிறது. செம்பழுப்புத் தெரிந்தால் அது முடிந்துவிட்டது. கடல் காற்றும் தொழிற்சாலைப் புகையும் சேர்ந்த நம் பக்கத்தில் இந்த மாற்றம் சீக்கிரம் நடக்கும். கிளாம்ப்புக்குக் கீழே, திம்பிளின் உள்வளைவில், பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் உறையின் கீழ்முனையில் பாருங்கள். தண்ணீர் நிற்கும் இடங்கள் அவைதான். பிளாஸ்டிக் உறைக் கம்பி பார்க்க அழகு, உள்ளே உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. எனக்கு அது பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் போட விரும்பினால் 316 தரம் கேளுங்கள். 304 கடலோரத்தில் புள்ளிப்புள்ளியாக அரிக்கும். ஒரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் கம்பியையே மாற்றுங்கள்.

எர்த் கொடுக்கச் செம்புக் கம்பியை நேராகக் கால்வனைஸ் பைப்பில் சுற்றியிருந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் விரைவில் கரையும். நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் வையுங்கள். பைப் அடியைத் தட்டினால் மந்தமான சத்தம் வந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, கீழே ஒரு வடிகால் துளை போடுங்கள்.

காற்றடித்தால் ரிசீவரில் கரகரப்பு

இதை ரேடியோ கோளாறு என்று நினைத்து செட்டைப் பிரிப்பார்கள். காற்றின் வீச்சோடு சேர்ந்து ஏறி இறங்கினால் காரணம் மாடியில்தான். துருப்பிடித்த ஷேக்கிள், தளர்ந்த கிளாம்ப், ஒன்றோடொன்று உரசும் இரும்பு விட்டுவிட்டுத் தொடுகிறது. நீங்கள் ஒலிபரப்பும்போது அதே துருமூட்டு டயோடு போல் வேலை செய்து புதுப்புது அலைவரிசைகளையும் உண்டாக்கும். பக்கத்து வீட்டு டிவி புகாருக்கும் அது காரணமாகலாம். ஒருவர் ரிசீவரில் காது வைத்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து லேசாக ஆட்டினால் எந்த மூட்டு என்று பிடிபடும். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்புகிறது என்று காட்டும் அளவு) குதித்தால் கேபிள் இணைப்பையும் பாருங்கள். கரகரப்பு கேட்ட மூட்டு, புயலில் விடப்போகிற மூட்டும் கூட.

இன்சுலேட்டர் போடும்போது முட்டை வகையையே போடுங்கள். அதில் இரண்டு கம்பிக் கண்ணியும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். பீங்கான் உடைந்தாலும் கம்பி கையைவிட்டுப் போகாது.

ஒரு கம்பியை மாற்ற வேண்டும்

மாஸ்ட்டுகள் விழுவது புயலில் மட்டுமல்ல, பழுது பார்க்கும்போதும்தான். போலந்தில் கான்ஸ்டான்டினூவ் என்ற இடத்தில் நின்ற வார்சா வானொலி மாஸ்ட் 646 மீட்டர், அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டுமானம். 1991 ஆகஸ்ட் 8 அன்று அதன் ஸ்டே கம்பியை மாற்றும் வேலையில் நடந்த தவறால் விழுந்தது.

அதனால் பழைய கம்பியின் பக்கத்திலேயே தற்காலிகக் கம்பி ஒன்றைக் கட்டி, அதில் இழுவை ஏறிய பிறகுதான் பழையதை அவிழ்க்க வேண்டும். தற்காலிகக் கம்பிக்கும் அதே தரத்து ஆங்கர் வேண்டும், யாராவது கையில் பிடித்துக்கொள்வது கணக்கில்லை. ஒரு நேரத்தில் ஒரே கம்பி. பைப் மாஸ்ட்டில் ஏணி சாத்தி ஏறாதீர்கள். உங்கள் எடையும் சாய்வும் அது எதிர்பாராத சுமை. சாய்த்து இறக்கித்தான் மேல் வேலை செய்ய வேண்டும், அதற்கு நாலு ஆள் வேண்டும், பக்கத்து மாடிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

எச்சரிக்கை வந்துவிட்டது, இப்போது என்ன?

புயல் சின்னம் பற்றி வானிலை மையம் அறிவித்ததும், காற்று தொடங்கும் முன்பே, இறக்கக்கூடிய மாஸ்ட்டை இறக்கிவிடுங்கள். சுழலும் பீம் ஆன்டெனாவை இறக்க முடியாவிட்டால் குறைந்தது மேல் அடுக்கு பைப்பையாவது உள்ளே இழுத்துக் கொள்ளுங்கள். அந்தக் கடைசி நேரத்தில் டர்ன்பக்கிளை இன்னும் இறுக்கிவிட்டால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. இறுக்கிய ஒவ்வொரு கிலோவும் அடித்தளத்திலும் ஐ-போல்ட்டிலும் முன்கூட்டியே ஏறிவிடும், காற்றுக்கு மிச்சம் குறையும். கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

காற்று பலமாக வீசிக்கொண்டிருக்கும்போது கம்பி தளர்ந்ததைக் கண்டாலும் மாடிக்குப் போகாதீர்கள். திடீரென்று காற்று நின்றால் புயலின் மையம் நம் மேல் இருக்கலாம். அடுத்த வீச்சு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும், இதுவரை சும்மா இருந்த கம்பி ஒரே இழுப்பில் முழுச் சுமையையும் வாங்கும். அந்த இடைவெளி சரிசெய்யும் நேரம் அல்ல.

எல்லாம் ஓய்ந்த பிறகு முதலில் தெருவிலிருந்தே பாருங்கள். மாஸ்ட் அல்லது கம்பி ஈ.பி. லைனில் கிடந்தால், கரண்ட் போயிருந்தாலும் தொடாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தியதை உறுதி செய்த பிறகே கிட்டே போங்கள். பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் ஓட்டினால் செத்த லைனிலும் கரண்ட் ஏறும். நிற்கிறது என்றால் மேலே போய் வால் கோடு, துடிப்புக் கணக்கு, தூக்குக் குண்டு மூன்றையும் மறுபடி பாருங்கள், புயல் எந்தத் திசையிலிருந்து அடித்ததோ அந்தப் பக்கக் கம்பியிலிருந்து தொடங்கி.